தமிழவேள் விட்டுச் சென்ற வழக்கு

ஆண்டுதோறும் மே திங்கள் வருகின்றது. 7ஆம் நாள் தமிழவேள் உமாமகேசுவரனார் பிறந்த நாள். 9ஆம் நாள் அவர் மறைந்த நாள். 14ஆம் நாள் அவர் முப்பது ஆண்டுகள் தலைமை தாங்கி வளர்த்த கரந்தைத் தமிழ்ச் சங்கம் தோன்றிய நாள். மூன்றையும் ஒரே மாலையில் அடக்கி, ஒரே மேடையில் முடித்துவிடுகின்ற சிக்கனம் நம்மவர்க்கு இயல்பாகவே வாய்த்திருக்கின்றது. படத்துக்கு ஒரு மாலை, வாழ்த்துப்பா ஒன்று, பேருரைகள் இரண்டு மூன்று. ‘சங்கம் காத்தவர்’ என்பார் ஒருவர். ‘தமிழ்ப் பொழில் கண்டவர்’ என்பார் மற்றொருவர். ‘இந்தியை எதிர்த்தவர்’ என்று மேசையைத் தட்டுவார் மூன்றாமவர். எல்லாம் உண்மையே. ஆனால் அவர் ஒரு வழக்கறிஞர் என்பதை மட்டும், ஏதோ வயிற்றுப்பாட்டுக்குச் செய்த வேலையைப் போல ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுவர். இக்கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

உமாமகேசுவரனார் வழக்கறிஞராக இருந்துகொண்டே தமிழ்த்தொண்டும் செய்தார் என்பது அரை உண்மை. வழக்கறிஞராக இருந்தமையாலேயே அத்தொண்டை அவ்வாறு செய்ய அவரால் இயன்றது என்பதே முழு உண்மை. நம் இயக்கத்தில் பாவலர்க்குக் குறைவில்லை, நாவலர்க்குக் குறைவில்லை, சிறை புகுந்த மறவர்க்கும் குறைவில்லை. ஆவணத்தைக் கையில் எடுத்து, வரிவரியாகப் படித்து, எதிரியின் சொல்லாலேயே எதிரியை மடக்கி, வென்றதைப் பதிவுசெய்து, பதிவுசெய்ததை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் ஆள் நமக்கு அரிதாகவே கிடைத்திருக்கின்றார். கிடைத்த ஒருவரையும் நாம் பாவலர் வரிசையில் நிறுத்திப் பூச்சூட்டிவிட்டோம்.

அவர் 1883ஆம் ஆண்டு தஞ்சையை அடுத்த கரந்தையில் வேம்பப் பிள்ளைக்கும் காமாட்சி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். கரந்தை என்பது மக்கள் வாய்வழக்கு. கருந்திட்டைக்குடி என்பதே பழம்பெயர். வடவாற்றங்கரை ஊர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, சிற்றன்னையின் அரவணைப்பில் வளர்ந்தவர். தஞ்சைத் தண்டலர் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். அந்நாளில் அரசு எழுத்தர் வேலை என்றால் பெண் கொடுக்க ஊர்முழுதும் அணியமாக நிற்கும். உயிருள்ளவரை அந்நாற்காலியை விட்டு எழ எவருக்கும் உள்ளம் வாராது. அவர் எழுந்தார். சென்னை சென்று சட்டம் பயின்றார். திரும்பி வந்து தஞ்சையில் கே. சீனிவாசப் பிள்ளையிடம் தொழில் பழகினார். இந்தச் சீனிவாசரைப் பற்றி ஒரு சொல் கூறாமல் அப்பால் செல்ல இயலவில்லை. பெரிய வழக்கறிஞர்; அதனினும் பெரிய தமிழறிஞர்; ‘தமிழ் வரலாறு’ என்னும் நூலின் ஆசிரியர். வழக்குக் கட்டும் ஏட்டுச்சுவடியும் ஒரே மேசைமேல் கிடந்த அறையில் உமாமகேசுவரனார் தொழில் கற்றார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் அவர் செய்தவை வியப்பாகத் தோன்றா.

தஞ்சைத் தரணியில் வழக்கறிஞர் தொழில் என்றால் என்ன? பெரும்பாலும் மண். காவிரிப் படுகையில் ஒரு வரப்பு அரை அடி நகர்ந்தால் ஒரு வழக்கு. வாய்க்கால் மடை ஒரு நாழிகை முந்தித் திறந்தால் ஒரு வழக்கு. குத்தகை, வாரம், ஒற்றி, பாகப்பிரிவு, கோயில் நிலம், சத்திரத்து நிலம் என்று நெல்லோடு நெல்லாக வழக்கும் விளைந்த நாடு அது. அங்கே வழக்காடுகின்றவனுக்கு வேண்டுவது அணிநயம் மிக்க சொல்லாற்றல் அன்று. எந்த ஆவணம் எந்த நாளில் எவரால் எழுதப்பட்டது, சான்றுக் கையெழுத்து எவருடையது, உள்ளே எழுதியிருப்பது என்ன, எழுதாமல் விட்டது என்ன என்று நுணுகிக் காணும் கண் வேண்டும். கூண்டில் ஏறிய சான்றாளன் பொய் புகன்றால், குரலை உயர்த்தாமல் நான்கு வினாக்களில் அவனைத் தன் வாயாலேயே உண்மை சொல்ல வைக்கும் பொறுமை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலத்தில் நடக்கும் வழக்கில் ஒரு சொல்லும் விளங்காமல் வெளித்திண்ணையில் குந்தியிருக்கும் உழவனுக்கு, அவன் வழக்கு எந்நிலையில் உள்ளதென்று அவன் மொழியில் எடுத்துச் சொல்லும் நெஞ்சம் வேண்டும்.

இவை மூன்றும் அவரிடம் இருந்தன. இல்லாதவரிடம் கட்டணம் வாங்காமல் வழக்காடினார் என்பது தஞ்சை வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருவது. உள்ளவரிடம் வாங்கினார், நன்றாகவே வாங்கினார் என்றுதான் கொள்ளவேண்டும். இல்லையேல் சங்கத்துக்கும் பள்ளிக்கும் இதழுக்கும் அந்நாளில் கொட்டிய பொருள் எங்கிருந்து வந்திருக்கும்? ஈகை என்றால் தன் மிச்சத்தைக் கொடுப்பது என்று கருதுவார் உளர். தன் தொழிலின் விளைச்சலை வீட்டுக்கு ஒரு பங்கு, தமிழுக்கு ஒரு பங்கு என்று வாரம் பிரித்துக் கொடுத்தவர் இவர். தமிழின் பங்கு பெரிதாயிற்றோ வீட்டின் பங்கு பெரிதாயிற்றோ என்று கேட்டால், கரந்தையில் நிமிர்ந்து நிற்கும் கட்டடங்களே விடை சொல்லும்.

1911 மே 14ஆம் நாள் சங்கம் தோன்றிற்று. அதற்கு வித்திட்டவர் இவர் இளவல் இராதாகிருட்டினனார். ஆர்வக் கனல் அவர், கட்டுக்கோப்பு இவர். முதல் தலைவராக அமர்ந்த உமாமகேசுவரனார் சாகும்வரை அப்பொறுப்பை இறக்கி வைக்கவில்லை. 1918இல் தம்பி மறைந்தார். தம்பியின் நினைவுக்குச் சங்கத்துப் பள்ளி அவர் பெயரைத் தாங்கிற்று. கண்ணீரைக் கல்வெட்டாக்கி அத்துடன் நில்லாமல், அதனைப் பள்ளிக்கூடமாக்கியது அந்தக் குடும்பம்.

நம் ஊர்களில் தமிழ் மன்றம் தொடங்குவது எளிது. ஐந்து நண்பர் கூடினால் ஒரு மன்றம். ஆறாவது நண்பர் வந்தால் இரண்டு மன்றம்! மூன்றாம் ஆண்டுவிழாக் காணுமுன் பெயர்ப்பலகை எவருடைய வீட்டு மாடியிலோ கறையான் அரித்துக் கிடக்கும். கரந்தைச் சங்கம் நூற்றாண்டைக் கடந்து நிற்பதன் கரணியம் என்ன? தமிழ்ப்பற்றா? பற்று எல்லா மன்றங்களிலும் இருந்தது. கரந்தையில் பற்றோடு பதிவேடும் இருந்தது. கூட்ட நடவடிக்கைகள் எழுதப்பட்டன. ஆண்டறிக்கைகள் அச்சாயின. வரவும் செலவும் உறுப்பினர்முன் வைக்கப்பட்டன. தலைவரின் சொந்தப் பொருள் எது, சங்கப் பொருள் எது என்ற கோடு அழியாமல் காக்கப்பட்டது. தலைவர் மறைந்தால் சங்கம் எவர் கைக்குப் போகும் என்பதைத் தலைவர் உயிரோடிருக்கும்போதே விதித்து வைத்திருந்தனர். இது பாவலன் மூளை செய்யும் வேலை அன்று. சொத்து வழக்குகளில் குடும்பங்கள் சிதைவதை நாள்தோறும் கண்ட வழக்கறிஞன் மூளை செய்த வேலை.

சங்கத்தின் தீர்மானங்களை எடுத்துப் பாருங்கள். தமிழை உயர்தனிச் செம்மொழி எனப் பல்கலைக்கழகமும் அரசும் ஏற்கவேண்டும் என்று 1920ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கரந்தை தீர்மானம் இயற்றிக் கேட்டது. தில்லி அதனை ஏற்றது 2004இல். தமிழுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1920களிலேயே கேட்டது. அது கிடைத்தது 1981இல், அதே தஞ்சையில். சங்க நிகழ்ச்சிகளில் மனோன்மணீயத்துத் தமிழ்த்தெய்வ வணக்கத்தைப் பாடும் வழக்கத்தைத் தொடக்கக் காலத்திலேயே மேற்கொண்டது. அரசு அதனைத் தன் விழாக்களுக்குரிய வாழ்த்தாக ஆக்கியது 1970இல். இவற்றைக் கேட்டபோது நகைத்தவர் எத்தனை பேரோ! ஆனால் வழக்கறிஞனுக்கு ஒன்று தெரியும். வழக்கு இன்று தோற்கலாம். முறையீடு பதிவாகியிருந்தால் நாளை மேல்முறையீடு உண்டு. பதிவாகாத முறையீட்டுக்கு மேல்முறையீடு இல்லை. அதனாலேயே அவர் தீர்மானங்களைக் கைதட்டலுக்காக எழுதவில்லை, வழக்குரையாக எழுதினார். எண்பது ஆண்டு கழித்தும் அவை உயிரோடிருந்து வென்றன.

1925இல் தமிழ்ப் பொழில் வெளிவந்தது. சங்கத்தாரின் அழைப்புகளிலும் அறிக்கைகளிலும் ‘சிறீ’ ஒழிந்து ‘திரு’ அமர்ந்தது. ந. மு. வேங்கடசாமி நாட்டார், கரந்தைக் கவியரசு வேங்கடாசலனார், ஒளவை துரைசாமியார் போன்ற பெரும்புலவர்கள் அந்நிழலில் கூடினர். புலவரைக் கூட்டுவது பெரிதன்று. கூட்டியவரிடையே பூசல் எழாமல் காப்பது பெரிது. அங்கும் நடுவர் முன்னிலையில் பழகிய நாவும் செவியும் அவருக்குத் துணைநின்றிருக்கும்.

இனி, 1937. சென்னை மாகாணத்தில் பேராயக் கட்சி ஆட்சி ஏறியது. ஆகத்து திங்களில் ஆச்சாரியார் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தார். அதே ஆகத்து 27ஆம் நாள் கரந்தையில் கூட்டம் கூட்டி எதிர்ப்புத் தீர்மானம் இயற்றினார் உமாமகேசுவரனார். மாநாட்டுக்கு நாள் பார்த்துக் கொண்டிருக்கவில்லை. பெருந்தலைவர் எவர் வருவார் என்று காத்திருக்கவும் இல்லை. எதிரி கட்சியாடிய திங்களிலேயே மறுப்புரையைப் பதிவுசெய்தார். தவணை தப்பினால் வழக்குப் போயிற்று என்பதை அறிந்தவர் அல்லரா? 1938 ஏப்பிரலில் அரசாணை வந்தபோது தமிழகம் அணியமாக நின்றது. பல்லாயிரவர் களம் இறங்கினர். நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு உயிர் ஈந்தனர். 1940 பிப்பிரவரி 21ஆம் நாள் கட்டாய இந்தி ஒழிந்தது. அவ்வெற்றியின் உரிமையாளர் பலர். ஆனால் முதல் ஏட்டில் முதல் வரியை எழுதியோருள் கரந்தை வழக்கறிஞர் ஒருவர் என்பது மறைக்கப்படலாகாது.

ஆவணத்தைப் படிக்கும் கண் தமிழுக்கு எவ்வளவு பெரிய படைக்கலம் என்பதற்குத் திருவையாறு ஒன்றே போதும். தஞ்சை மராட்டிய மன்னர் விட்டுச் சென்ற சத்திரத்து அறக்கட்டளைப் பொருளில் அங்கே வடமொழிக் கல்லூரி நடந்துவந்தது. பொருளோ தஞ்சை மண் விளைத்த நெல். படிப்போ வடமொழி ஒன்றே! மன்னர் விருப்பம் அதுவே, அறக்கட்டளையில் கை வைக்கலாகாது என்றனர். சர் ஏ. டி. பன்னீர்செல்வம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த காலம் அது. அவரும் வழக்கறிஞர், நயன்மைக் கட்சியில் உமாமகேசுவரனாரின் உற்ற தோழர். அவர் என்ன செய்தார்? ஊர்வலம் நடத்தினாரா? இல்லை. மூல ஆவணத்தைக் கொண்டுவரச் சொன்னார். படித்துப் பார்த்தால், கல்விக்கு என்றிருந்ததே ஒழிய வடமொழிக்கு மட்டும் என்ற சொல் அதில் இல்லை! நூறாண்டுப் புரட்டு ஒரு நண்பகலில் உடைந்தது. 1924இல் அக்கல்லூரியில் தமிழ் நுழைந்தது. பின்னாளில் அங்கே பயின்று வெளிவந்த புலவர்கள் தமிழகப் பள்ளிகளில் எத்தனை ஆயிரம் மாணவர்க்குத் தமிழூட்டினர் என்று எண்ணிப் பாருங்கள். ஆரியம் நம்மை வென்றது பெரும்பாலும் நாம் படிக்காமல் விட்ட ஆவணங்களாலேயே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தஞ்சை வட்டக் கழகத் தலைவராகப் பல்லாண்டு இருந்து ஊர்தோறும் தொடக்கப் பள்ளிகள் திறந்ததும், உழவர் கடன்சுமை குறையவும் அச்சுத்தொழில் நிலைபெறவும் கூட்டுறவு நிறுவனங்களுக்குத் துணைநின்றதும் தனியே எழுதற்குரியன. 1938இல் கரந்தைப் புலவர் கல்லூரி தோன்றிற்று. அதனைப் பார்க்க உயிரோடிருந்தார் என்பதே நமக்கு ஆறுதல்.

அவரை மட்டும் தனியே நிறுத்திப் பார்ப்பதும் தவறு. தமிழின் மறுமலர்ச்சியில் கறுப்பு அங்கி அணிந்தோரின் பங்கு தனியாக எழுதப்பட வேண்டிய வரலாறு. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரனார் சட்டம் பயின்று புதுக்கோட்டையில் நடுவராக அமர்ந்தவர். கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரனார் வழக்கறிஞர், தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவர், செல்வம் அனைத்தையும் இழந்து 1936இல் மறைந்தவர். நாவலர் சோமசுந்தர பாரதியார் தூத்துக்குடியில் வழக்காடியவர். கா. சுப்பிரமணியனார் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவாற்றும் பெருமை பெற்ற சட்டப் பேராசிரியர். ஏன் இத்தனை பேர்? ஆங்கில ஆட்சியில் அரசுக்கு அடிமையாகாமலும் பெருநிலக்கிழாரைப் பார்த்துக் கைகட்டாமலும் தமிழன் தலைநிமிர்ந்து பொருளீட்டக்கூடிய தொழில்கள் மிகச் சிலவே. அவற்றுள் வழக்கறிஞர் தொழில் ஒன்று. தலைநிமிர்ந்தவனுக்கே தாய்மொழி கண்ணில் படுகின்றது.

குறை இல்லாத மாந்தராக அவரைக் காட்டுதல் எம் நோக்கமன்று. வெள்ளையர் அரசு கொடுத்த இராவ்சாகிப் பட்டம் அவர் பெயரின்முன் ஒட்டியிருந்தது. அதனை வேண்டாவென்று வீசியிருந்தால் நமக்கு இனித்திருக்கும். அவர் சார்ந்த நயன்மைக் கட்சியில் நிலக்கிழார் கை ஓங்கியிருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. தனித்தமிழுக்கு அரணாக நின்றவர் பெயர் கடைசிவரை உமாமகேசுவரனாகவே இருந்தது. மறைமலையடிகளைப் போல் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் ஒன்று. அவரை இன்று எவரும் இராவ்சாகிப் என்று அழைப்பதில்லை. தமிழவேள் என்றே அழைக்கின்றோம். அரசு கொடுத்த பட்டம் அரசோடு போயிற்று. தமிழர் கொடுத்தது நிற்கின்றது.

இவ்வளவும் வென்ற வழக்குகள். இனி அவர் காலத்தில் தொடுக்கவே முடியாமற்போன ஒரு வழக்குக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கீழமை வழக்குமன்றத்தின் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். வீட்டுமனை வழக்கு ஒன்றில் தீர்ப்புக் கேட்க வந்த மூதாட்டி ஒருவர் உள்ளேயிருந்து வெளிவந்தார். நடுவர் படித்தார், இருதரப்பு வழக்கறிஞரும் தலைவணங்கினர், எல்லாம் நடந்துவிட்டது. அம்மூதாட்டி வாயிலில் நின்ற ஏவலரின் முகத்தைப் பார்த்து, “தம்பி, வீடு எனக்கா, அவனுக்கா?” என்று கேட்டார். தம் வீடு தமதா இல்லையா என்பதைத் தம் நாட்டில், தம் வரியில் நடக்கும் மன்றத்தில், வாயிற்காவலர் மொழிபெயர்த்துச் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை! உமாமகேசுவரனார் திண்ணையில் குந்தியிருந்த உழவனுக்கு எடுத்துச் சொன்ன காலத்தில் ஆண்டவன் வெள்ளையன். இன்று?

சட்டம் என்ன சொல்கின்றது என்று அவர் வழியிலேயே ஏட்டைத் திறந்து பார்ப்போம். இந்திய அரசியல் யாப்பின் 348ஆம் பிரிவு, உயர் வழக்குமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்கின்றது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குடியரசுத் தலைவரின் இசைவோடு ஆளுநர் அம்மாநில ஆட்சிமொழியை உயர் வழக்குமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஆணையிடலாம் என்கின்றது. இந்தக் கதவு வழியே இராசத்தானம் 1950இல் நுழைந்தது, உத்தரப் பிரதேசம் 1969இல், மத்தியப் பிரதேசம் 1971இல், பீகார் 1972இல். நான்கும் இந்தி மாநிலங்கள். 2006 திசம்பரில் தமிழகச் சட்டமன்றம் அதே கதவைத் தட்டிற்று. 2010இல் மதுரை வழக்கறிஞர்கள் உண்ணாநோன்பிருந்து தட்டினர். 2012இல் தில்லித் தலைமை வழக்குமன்றத்தின் நடுவர் அனைவரும் கூடித் தமிழகத்தின் கோரிக்கையையும், உடன் வந்த வேறு சில மாநிலங்களின் கோரிக்கையையும் ஏற்பதற்கில்லை என்றனர். இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்குத் தாழிட்டிருக்கின்றது. ஒரே பிரிவு, ஒரே உட்பிரிவு, ஒரே சொற்கள்!

அது போதாதென்று, 2024 சூலை முதல் நாள் தொடங்கிக் குற்றவியல் சட்டங்கள் மூன்றுக்கும் ‘நியாய சங்கிதை’, ‘நாகரிக சுரட்சா சங்கிதை’, ‘சாட்சிய அதிநியமம்’ என்று வடமொழிப் பெயர் சூட்டிவிட்டனர். கூண்டில் நிற்கும் தமிழன் தான் எந்தச் சட்டத்தின்கீழ் நிற்கின்றான் என்று ஒலித்துக் காட்டவே நா பயிலவேண்டும். பெயரில்தானே வடமொழி, உள்ளே ஆங்கிலம்தானே என்று அமைதி கூறுவோர் உளர். திருவையாற்றிலும் முதலில் பெயர்ப்பலகைதான் மாட்டியிருப்பர்.

தில்லியை மட்டும் குறை கூறி அமைந்துவிடுவது எளிது. நம் வீட்டுக்குள்ளும் பார்க்கவேண்டும். கீழமை வழக்குமன்றங்களின் மொழி எதுவென முடிவுசெய்யும் உரிமை மாநில அரசுக்கு உண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 137ஆம் பிரிவே அதைச் சொல்கின்றது. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1976இல் திருத்தப்பட்டு, கீழமை மன்றங்களில் சான்றுரை பதிவதும் தீர்ப்பு எழுதுவதும் தமிழில் நடக்க வழி செய்யப்பட்டது. அங்கே தாழ் இல்லை. கதவு திறந்தே கிடக்கின்றது. நுழைவார் எத்தனை பேர்? தமிழில் முறையீடு எழுதினால் தரம் தாழ்ந்துவிடும் என்று அஞ்சும் இளம் வழக்கறிஞர், தமிழில் தீர்ப்பு எழுதினால் மேல்மன்றத்துக்குப் போகும்போது மொழிபெயர்ப்புத் தொல்லை என்று ஒதுங்கும் நடுவர், ஆங்கிலத்தில் நான்கு சொல் கேட்டால்தான் கொடுத்த கட்டணத்துக்கு நிறைவு கொள்ளும் கட்சிக்காரர் ஆகிய மூவரும் தமிழரே. மூவரும் விழாவில் தமிழவேளுக்குக் கைதட்டுவர்.

சட்டத்தமிழ் வளரவில்லை என்பது அவர்கள் சொல்லும் முட்டுக்கட்டை. வளராதது எப்படி வளரும்? நீந்தக் கற்றபின் ஆற்றில் இறங்குவேன் என்பவன் கரையிலேயே முதுமையடைவான். வழக்கு, வாய்க்கால், வரப்பு, ஒற்றி, முறி, கரி, ஆவணம், ஓலை, தடையம், பிணை, பொறுப்பு என்று மண்ணோடும் மக்களோடும் வளர்ந்த சொற்கள் நம்மிடம் கிடக்கின்றன. சோழர் காலத்து ஊரவை தன் நிலவிற்பனைகளையும் தண்டனைகளையும் தமிழில் கல்லில் வெட்டி வைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரே ஒரு பதிவு அலுவலகம். அச்சுவருக்கு ஒரு கல் தொலைவில் அமர்ந்துகொண்டு சட்டத்துக்குத் தமிழ் போதாது என்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

நம் இதழைப் படிக்கும் வழக்கறிஞர்கள் உளர் என்பதை அறிவோம். அவர்களிடம் கேட்பது பெரிய ஈகம் அன்று, சிறையும் அன்று. கையில் உள்ள வழக்குகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, இத்திங்களில் தமிழில் வரைந்து பதிவுசெய்யுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கேட்டதை நகலெடுத்து வையுங்கள். பத்து நகல் சேர்ந்தால் அது கட்டு. நூறு சேர்ந்தால் அது வழக்கு. மேடையில் நாம் பேசும் ஆயிரம் மணிநேரத்தைவிட அக்கட்டு கனமாக இருக்கும். தாள்களைச் சேர்ப்பதில் தமிழவேளுக்கு என்றும் சலிப்பு இருந்ததில்லை.

1941இல் அவர் வடநாட்டுச் செலவு மேற்கொண்டார். அயோத்திக்கு அணித்தே உள்ள பைசாபாத்தில், ஐம்பத்தெட்டு அகவை நிறைந்த இரண்டாம் நாள், மே 9ஆம் நாள் உயிர் பிரிந்தது. கரந்தைக்கு ஆயிரம் கல்லுக்கும் அப்பால், தம் மொழி ஒலிக்காத மண்ணில். அந்தப் பைசாபாத்து உழவன் இன்று நிலவழக்கோடு இலக்குமணபுரிக்குப் போனால், அங்குள்ள உயர் வழக்குமன்ற அமர்வில் தன் வழக்கைத் தன் ஆட்சிமொழியான இந்தியில் உரைக்கக் கேட்கலாம். 1969 முதல் அவனுக்கு அந்த உரிமை உண்டு. வடவாற்றங்கரை உழவன் மதுரைக்குப் போனால், தாழ்வாரத்தில் நிற்கும் எவரையேனும் பார்த்து, “தம்பி, நிலம் எனக்கா, அவனுக்கா?” என்றுதான் கேட்கவேண்டும்.